உஷார்! கேஜ் முள்ளை நம்பி ஸ்பிண்டிலை ஓட்டாதீர்கள்

கிளாம்ப் போட்டால் பிட் வந்து மோதுகிறது. ஸ்க்ரூ அடித்தால் ஜாப்பில் ஓட்டை விழுகிறது. இரட்டைப் பக்க டேப் ஒட்டினால் உரித்தெடுப்பதற்குள் பொழுது போய்விடுகிறது. இதனால்தான் பூஜை அறைக் கதவும் ஜாலியும் பெயர்ப் பலகையும் வெட்டுகிற சின்ன சிஎன்சி பட்டறைகள்கூட வேக்கம் ஃபிக்சருக்கு மாறுகின்றன. பலர் வீடியோ பார்த்து, கையில் கிடைத்த பம்பை வைத்துத் தாங்களே செய்துகொள்கிறார்கள். செய்துகொள்வதில் தப்பே இல்லை. ஆனால் கிளாம்ப் தளர்ந்தால் ஜாப் ஆடுவது கண்ணுக்குத் தெரியும். வேக்கம் கைவிடும்போது எதுவும் தெரியாது. ஜாப் பறந்து சுவரில் அடித்த பிறகுதான் தெரியும்.

எவ்வளவு வேகத்தில் அடிக்கும்? பெட்டை மட்டம் செய்யப் போடும் 25 மிமீ பிட் 18,000 ஆர்பிஎம்மில் சுற்றினால், அதன் விளிம்பின் வேகம் மணிக்கு 85 கிலோமீட்டர். அந்த விளிம்பில் சிக்கிய துண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிட் ஒடிந்தால் கார்பைடு சில்லும் கூடவே கிளம்பும். மெஷின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போன் பார்க்கிற தம்பிகள் இதைப் படிக்க வேண்டும்.

அடிப்படைக் கணக்கு சின்னதுதான். பம்ப் ஜாப்பை இழுப்பதில்லை. அடியில் இருக்கும் காற்றை எடுத்துவிடுகிறது, மேலே இருக்கும் காற்று அழுத்துகிறது. கடல் மட்டத்தில் முழு வெற்றிடம் கிடைத்தாலும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். அதற்கு மேல் எந்தப் பம்பாலும் தர முடியாது. ஊட்டி உயரத்தில் அதுவும் முக்கால் கிலோ சொச்சமாக இறங்கிவிடும். அங்கே கேஜ் பாதரச அளவில் 23 அங்குலத்தைத் தாண்டவில்லை என்று பம்பைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டாம். மலையில் உள்ள காற்றே அவ்வளவுதான்.

இப்போது ஒரு 8க்கு 4 அடி ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரிங் புளோயர் தரும் வேக்கம் குறைவு. சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம் என்று வைப்போம். ஷீட்டின் பரப்பு ஏறத்தாழ 30,000 சதுர சென்டிமீட்டர். மொத்தம் 6 டன் அழுத்தம்! கையால் தள்ளிப் பார்த்தால் மலை மாதிரி நிற்கும். அந்தத் தைரியத்தில்தான் ஓட்ட ஆரம்பிக்கிறோம். அதே ஷீட்டிலிருந்து வெட்டுப்பட்டுத் தனியாகும் 10க்கு 5 சென்டிமீட்டர் துண்டின் மேல் இருப்பது வெறும் 10 கிலோ. பிட் தள்ளுவது பக்கவாட்டில். அதைத் தடுப்பது உராய்வு மட்டுமே. உராய்வு, அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் மிஞ்சுவது மூன்று கிலோ. அடிப்பக்கம் லேமினேட்டோ அக்ரிலிக்கோ என்றால் இன்னும் குறையும். அப்கட் பிட் போட்டிருந்தால் அது வேறு ஜாப்பை மேலே தூக்கிக்கொண்டிருக்கும்.

"அண்ணே, முள்ளு 25 காட்டுது, ஓட்டலாமா?" என்று பையன் கேட்பான். கேஜ் எங்கே மாட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் பம்பின் வாயில் இருக்கும். நடுவில் ஹோஸ், வால்வு, ஃபில்டர், 18 மிமீ எம்டிஎஃப் ஸ்பாயில் போர்டு எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போய், ஜாப்பின் அடியில் மிஞ்சுவது எவ்வளவு என்று அந்த முள்ளுக்குத் தெரியாது. அது மட்டுமல்ல, நீங்கள் பார்த்தது வெட்டு விழுவதற்கு முந்தைய கணக்கு. பிட் ஷீட்டைத் துளைத்துக்கொண்டு போகப் போக வெட்டின தடமெல்லாம் காற்று நுழையும் வழியாகிறது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுகிற கதைதான். துண்டு சின்னதாக ஆக, கசிவு பெரிதாக ஆக, கடைசி பாஸில்தான் பிடி மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் டீ குடிக்கப் போவோம். கேஜை ஃபிக்சரிலேயே, ஜாப்புக்கு மிக அருகில் மாட்டுங்கள்.

சின்னத் துண்டுகளை ஒரேயடியாக அறுத்து எடுக்காதீர்கள். அடியில் 0.3 முதல் 0.5 மிமீ தோல் விட்டு எல்லாவற்றையும் வெட்டி முடித்து, கடைசியில் ஒரே சுற்றில் அந்தத் தோலை எடுங்கள். ஃபிக்சரில் ஜாப்பின் இரண்டு பக்கமாவது பின் அடித்து முட்டுக் கொடுங்கள். கீழே அமுக்கிப் பிடிப்பது வேக்கத்தின் வேலை, பக்கவாட்டில் தாங்குவது முட்டின் வேலை. இரண்டையும் வேக்கத்தின் தலையில் கட்டுவதால்தான் பாதி விபத்து.

பம்ப் விஷயத்தில் கைக்குக் கிடைத்ததைப் போடுகிறோம். வீட்டு வேக்கம் கிளீனர்கள் பலவற்றில் உறிஞ்சும் காற்றுதான் மோட்டாரையும் குளிர்விக்கிறது. ஜாப் வழியை அடைத்துவிட்டால் காற்று ஓட்டம் இல்லை, மோட்டார் கருகும். ஏசி மெக்கானிக் வைத்திருக்கும் பம்ப் வேக்கத்தை ஆழமாக இழுக்கும், ஆனால் கசிவை ஈடுகட்டும் அளவுக்குக் காற்றை இழுக்காது. எம்டிஎஃப் தூசி உள்ளே போனால் அதன் ஆயுளும் முடிந்தது.

வாட்டர் ரிங் பம்ப் வைத்திருப்பவர்களுக்குத் தனி உஷார். ஒரே தொட்டித் தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால் தண்ணீர் சூடாகும். 25 டிகிரியில் நீராவி அழுத்தம் சுமார் 32 மில்லிபார். 60 டிகிரியில் சுமார் 200. அதற்குக் கீழே அந்தப் பம்பால் போகவே முடியாது. ஆக, சித்திரை வெயிலில் மத்தியானம் மூன்று மணிக்கு உங்கள் பிடியில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கலாம். காலையில் நன்றாக ஓடிய அதே ப்ரோக்ராம் மத்தியானம் ஜாப்பைத் தூக்கி எறிந்தால் பிட்டைத் திட்டாதீர்கள், தொட்டியில் கை வைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பயங்கரமானது கரண்ட். த்ரீ ஃபேஸ் இணைப்புள்ள பட்டறையில் ஸ்பிண்டில் டிரைவ் ஒரு ஃபேஸிலும் வேக்கம் பம்ப் இன்னொரு ஃபேஸிலும் இருப்பது சகஜம். "ஒரு ஃபேஸ் போயிடுச்சு" என்பது நம் ஊரில் மழைக்காலப் பேச்சு. பம்ப் இருக்கும் ஃபேஸ் போனால் பம்ப் நிற்கும், ஸ்பிண்டில் நிற்காது! பிடிப்பே இல்லாத ஜாப்பின் மேல் பிட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பம்பின் ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆனாலும் இதே கதிதான். த்ரீ ஃபேஸ் பம்பில் இன்னொரு வம்பு: லைன் வேலை முடிந்து கரண்ட் வரும்போது ஃபேஸ் இடம் மாறியிருந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். அப்போது உறிஞ்ச வேண்டியது ஊதும்.

முதல் மருந்து வேக்கம் ஸ்விட்ச். வேக்கம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் ஃபீடையும் ஸ்பிண்டிலையும் நிறுத்தும்படி கன்ட்ரோலரோடு இணைக்க வேண்டும். வயர் அறுந்தாலும் மெஷின் நிற்கும் விதத்தில் வயரிங் இருக்கட்டும். மொத்தக் கரண்டும் போனால் ஸ்பிண்டில் சுற்றி நிற்க நேரம் ஆகும். அதுவரை பிடி தாங்க ஒரு ரிசர்வ் டேங்கும், டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு நான் ரிட்டர்ன் வால்வும் வேண்டும். த்ரீ ஃபேஸ் பம்பை, ஃபேஸ் வரிசையையும் பார்க்கும் சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டர் வழியாகவே ஓட்டுங்கள்.

டேங்க் என்றதும் மூலையில் கிடக்கும் 200 லிட்டர் எண்ணெய் டிரம்மைப் பார்க்காதீர்கள். நல்ல வேக்கத்தில் அதன் ஒரு பக்கத்தில் மட்டும் நாலு டன் அளவுக்குக் காற்று அழுத்தும். தகரம் நொடியில் நசுங்கும். கண்ணாடி ஜாடியைத் தூசிப் பொறியாக மாட்டுவது அதைவிட மோசம். அது உள்பக்கமாக உடைந்து சில்லு வெளியே வரும். துரு இல்லாத பழைய கம்ப்ரசர் டேங்க் போதும்.

ஃபிக்சருக்கு வெறும் எம்டிஎஃப் வேண்டாம், அதன் உடம்பெல்லாம் காற்று புகும். வேறு வழியில்லை என்றால் பள்ளம், ஓரம் உட்பட சீலர் இரண்டு மூன்று கோட் அடியுங்கள். ஹைலம் ஷீட்டோ அலுமினியமோ நல்லது. கேஸ்கெட் ரப்பரில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் முக்கிப் பிழியுங்கள். தண்ணீர் வந்தால் அது கேஸ்கெட்டுக்கு ஆகாது. அழுந்தியதும் கேஸ்கெட் முழுதாகப் பள்ளத்துக்குள் இறங்கி, ஜாப் கெட்டியான தளத்தில் உட்கார வேண்டும். ரப்பர் மேல் மிதக்கிற ஜாப் நகரும். அக்ரிலிக், ஏசிபி ஷீட்டில் அடிப்பக்க ஃபிலிமை உரித்துவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் வேக்கம் பிடித்திருப்பது ஃபிலிமைத்தான். ஃபிலிம் பெட்டில் இருக்கும், ஷீட் பிட்டோடு போகும்.

அடுத்த ஷீட்டைப் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்பிண்டிலை அணைத்துவிட்டு, வெட்டப் போகும் மிகச் சின்னத் துண்டின் அளவுக்கு ஒரு கட்டையை ஃபிக்சரில் வையுங்கள். மற்ற இடத்தை மூடாமல் வேக்கத்தைப் போட்டு, பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கைக்கே நகர்ந்தால் அன்றைக்கு ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பம்ப் எந்த ஃபேஸ், ஸ்பிண்டில் எந்த ஃபேஸ் என்று இன்றைக்கே கேளுங்கள்.