ஒன்றுகளால் ஆன பகா எண் 31

பத்தடிமானத்தில் எழுதப்படும் 31-இல் பகா எண் என்பதைத் தவிர வேறு சிறப்பு எதுவும் கண்ணில் படுவதில்லை. அதையே இரண்டடிமானத்தில் எழுதினால் 11111. ஐந்தடிமானத்தில் எழுதினால் 111. முதலாவதில் இடமதிப்புகள் 1, 2, 4, 8, 16. இரண்டாவதில் 1, 5, 25. இரண்டின் கூடுதலும் 31.

அடிமானம் மாறினால் எழுதும் வடிவம்தான் மாறும், பகாத்தன்மை மாறாது. ஆனாலும் அந்த வடிவம் சில உண்மைகளை எளிதில் காட்டிவிடும். எந்த அடிமானத்திலும் 111111 என்பது 111-ஐ 1001-ஆல் பெருக்கக் கிடைப்பது. ஆகவே ஆறு ஒன்றுகள் கொண்ட எண் ஒருபோதும் பகா எண் ஆகாது. இதே வகையில், ஒன்றுகளால் மட்டும் ஆன ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், அதிலுள்ள ஒன்றுகளின் எண்ணிக்கையும் பகா எண்ணாகவே இருக்கும். இதன் மறுதலை பொய். பத்தடிமானத்தில் 111 என்பது 3 × 37. அங்கே 11-க்கு அடுத்து வரும் இத்தகைய பகா எண்ணில் 19 ஒன்றுகள் உள்ளன.

31-ஆல் வகுபடுமா என்று பார்ப்பதும் இந்த அடிமானங்களில் மிக எளிது. 217-ஐ எடுத்துக்கொள்ளலாம். ஐந்தடிமானத்தில் அது 1332. வலப்புறத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்துக் கூட்டினால் 332 + 1 = 333, அதாவது 111-இன் மூன்று மடங்கு; எனவே 217 வகுபடும். இரண்டடிமானத்தில் அது 11011001. அங்கே ஐந்தைந்தாகப் பிரிக்க வேண்டும்: 11001 + 110 = 11111. வகுத்தலே இல்லாமல் 31 நேராக வந்து நிற்கிறது. 5-இன் முப்படியான 125-உம், 2-இன் ஐந்தாம் படியான 32-உம் 31-ஆல் வகுக்கும்போது மீதி 1 தருவதே இதற்குக் காரணம்.

1/31 என்ற பின்னத்தின் விரிவிலும் இதே காரணம் வேலை செய்கிறது. பத்தடிமானத்தில் 032258064516129 என்ற 15 இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். இரண்டடிமானத்தில் 00001 என்ற ஐந்து இலக்கங்களும், ஐந்தடிமானத்தில் 004 என்ற மூன்று இலக்கங்களும் போதும். 15, 5, 3 ஆகிய மூன்றும் 30-இன் வகுத்திகள். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, சுழற்சி நீளம் எப்போதும் பகா எண்ணைவிட ஒன்று குறைவான எண்ணை வகுத்தே தீரும்.

எந்த எண்ணையும் அதற்கு ஒன்று குறைவான அடிமானத்தில் 11 என எழுதிவிடலாம். 31-உம் முப்பதடிமானத்தில் 11-தான். அது எல்லா எண்ணுக்கும் பொதுவானதால் கணக்கில் சேராது. குறைந்தது மூன்று ஒன்றுகளோடு இரண்டு அடிமானங்களில் இப்படி அமைவதுதான் அரிது. 31-ஐத் தவிர அவ்வாறு அமைவதாகத் தெரிந்த ஒரே எண் 8191. அதுவும் பகா எண்தான். இரண்டடிமானத்தில் அதில் 13 ஒன்றுகள். தொண்ணூறடிமானத்தில் 8100 + 90 + 1 எனப் பிரிந்து 111 ஆகிறது. 1916-இல் ரத்தா என்பவரும் 1917-இல் பெல்ஜியக் கணிதவியலாளர் கூர்மாக்டிக்கும் இந்த இரண்டு எண்களையும் சுட்டிக்காட்டினர். வேறு எண் கிடையாது என்ற கருத்து கூர்மாக்டிக் அனுமானம் எனப்படுகிறது. அது முழுமையாக நிறுவப்படவும் இல்லை; அதைப் பொய்யாக்கும் மூன்றாவது எண் கிடைக்கவும் இல்லை.