கருவில் ஊட்டிய உணவு

மெலிந்து பிறந்த குழந்தையைக் கண்டால், "பால் குடித்தால் தேறிவிடும்" என்று வீட்டுப் பெரியோர் ஆறுதல் கூறுவர். எடை தேறுவது மெய்யே. கருவறையில் நேர்ந்த குறையும் அத்துடன் தீர்ந்துவிடுகிறதா?

இங்கிலாந்தின் ஹெர்ட்போர்டுஷயர் வட்டாரத்தில் 1911 முதல் 1930 வரை பிறந்த ஆடவரின் எடைக் குறிப்புகளை டாக்டர் டேவிட் பார்க்கர் குழுவினர் ஆராய்ந்தனர். எடை குறைந்து பிறந்தோரே பிற்காலத்தில் இதய நோய்க்கும் நீரிழிவுக்கும் மிகுதியாக இலக்காயினர். உணவு போதாத கரு, கிடைத்ததை முதலில் மூளைக்கு ஒதுக்குகிறது. கணையமும் தசையும் சிக்கனமாக வளர்கின்றன. பின்னர் உணவு பெருகுங்கால் அவ்வுடல் சர்க்கரையை ஆள முடியாமல் தவிக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அங்ஙனமாயின் தாய்க்கு உணவளித்தால் பிள்ளை பிழைக்குமா? இதற்கு விடை தேடியது நம் நாடு. 1987 முதல் 1990 வரை ஐதராபாத்தை அடுத்த 29 சிற்றூர்களில் ஓர் ஆய்வு நடைபெற்றது. 15 ஊர்களில் கருவுற்ற பெண்டிருக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், ஆறு வயதுக்குட்பட்ட சிறாருக்கும் மக்காச்சோளமும் சோயாவும் கலந்த உப்புமா நாள்தோறும் வழங்கப்பட்டது. தாயின் பங்கு ஏறத்தாழ 500 கலோரி. ஏனைய 14 ஊர்களுக்கு அத்திட்டம் அப்போது எட்டவில்லை. (ஆய்வை நடத்திய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-இல் நமது குன்னூரில் தோன்றி, 1958-இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்ததாகும். நம்மைப் போலவே!)

பிறப்பெடை சராசரியாக 61 கிராம் கூடிற்று. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆயினும் அப்பிள்ளைகள் 13 முதல் 18 வயதினரானபோது மீண்டும் சோதித்ததில், உணவு பெற்ற ஊரினர் 14 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தனர். இன்சுலினுக்கு அடங்காத தன்மை அவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இரத்தக் குழாய்களும் அத்துணை விறைப்பின்றி இருந்தன. இரத்த அழுத்தத்தில் மட்டும் மாறுதல் இல்லை. பிள்ளைகளும் பின்னர் அதே உப்புமாவை உண்டவராதலால், பயன் முழுவதும் கருவிலே விளைந்தது என்று நாம் சாதிக்க இயலாது.

வயிறு நிறைந்தால் மட்டும் போதாது என்பதைப் புணே உணர்த்துகிறது. அதனருகே ஆறு சிற்றூர்களில் 1993-இல் தொடங்கிய ஆய்வில், குழந்தைகள் சராசரி 2.7 கிலோவே இருந்தன. தசை மெலிந்தும் கொழுப்பு மெலியாதும் பிறந்தன. போலிக் அமிலம் மிகுந்தும் பி12 உயிர்ச்சத்து குறைந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு, ஆறு வயதிலேயே இன்சுலின் சரிவரப் பயன்படவில்லை. பி12 பாலிலும் முட்டையிலும் மீனிலும் உண்டு; மரக்கறி உண்போர் மருத்துவரைக் கேட்டறிதல் நலம்.

நம் பெண்டிர் வளைகாப்பு முடிந்த பின்னரே தாய்வீடு செல்கின்றனர். அதற்கு முந்தைய திங்கள்கள் தில்லியிலோ மும்பையிலோ கழிகின்றன. "குறைவாக உண்டால் பேறு எளிது" என்னும் பழம்பேச்சும் அங்கே உடன் வந்துவிடுகிறது. ஊரில் பால்வாடி என்றழைத்த இடத்திற்கு அங்கெல்லாம் ஆங்கன்வாடி என்று பெயர். கருவுற்றோருக்குரிய உணவு எல்லா மாநிலங்களிலும் அங்கேதான் கிடைக்கும். வழி தெரியாவிடில் அடுத்த வீட்டு அம்மையாரைக் கேட்கலாம். மொழி அரைகுறையாயினும் இதற்குப் போதும்.