உங்களுக்குத் தெரியுமா? பனி படியும் இடமே பழுதைச் சொல்லும்!

■ ஃபிரிட்ஜில் கேஸ் ‘தீர்ந்துபோவது’ இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. அதை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதுதான்.

■ பழைய வகை ஃப்ரீசரில் ஒரு மூலையில் மட்டும் பனி படிகிறதா? கேஸ் குறைவு அல்லது நுண்குழாயில் அடைப்பு இருக்கலாம்.

■ பனி படியாத வகை ஃபிரிட்ஜில் மேலே ஐஸ் உறைந்தும் கீழே காய்கறி வாடினால், பின்பலகைக்குள் பனி அடைத்திருக்கலாம். பனி உருக்கும் ஹீட்டர், சென்சார், விசிறி மூன்றையும் சோதிக்க வேண்டும்.

■ சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘டக்’ என்ற சத்தம் மட்டும் கேட்கிறதா? கம்ப்ரசர் கிளம்ப முயன்று தோற்கிறது. முதலில் மின்னழுத்தத்தையும் ரிலேயையும் பாருங்கள்.

■ மலேசியாவின் கோத்தா திங்கி நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 2 பாகைக்குள் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஈரக்காற்று. கதவு ரப்பர் தளர்ந்தால் அந்த ஈரம் உள்ளே புகுந்து பனியாகும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் பிடிக்கவில்லை.

■ 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து வெள்ளத்தில் மூழ்கியது. நீரில் நனைந்த ஃபிரிட்ஜை, ‘காய்ந்துவிட்டதே’ என்று உடனே பிளக்கில் மாட்டாதீர்கள். மின்பாகங்களைத் தொழில்நுட்பர் சோதித்த பிறகே மாட்ட வேண்டும்.

■ புதிய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் உள்ள ஆர்600ஏ என்ற கேஸ், தீப்பற்றும் ஐசோபியூட்டேன். கசிவைத் தேடச் சோப்பு நுரை போதும். நெருப்பு வேண்டவே வேண்டாம்!