ஆட்டைக் கடித்தது எந்த நாய்? பழி போடும் முன் பார்க்க வேண்டியவை

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் ஆடு வளர்க்கிறவர்களுக்கு இப்போதெல்லாம் ராத்திரி நாய் குரைத்தாலே தூக்கம் போய்விடுகிறது. சாயங்காலம் நன்றாக மேய்ந்த ஆடு விடியக்காலையில் தொடை கிழிந்து, குடல் சரிந்து கிடக்கிறது. செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் போராடினார்கள். 2025-இல் அரசு இழப்பீடும் அறிவித்தது.

நானும் கொறங்காட்டில் செம்மறி மேய்க்கிறவன்தான். பத்து மாதம் வளர்த்த கிடா ஒரே ராத்திரியில் போனால் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் ஆடு செத்த அன்றைக்கே ஏதோ ஒரு நாயைக் காட்டி "இதுதானுங்க" என்று முடித்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது நாய்க்குச் செய்கிற அநியாயம் என்பது ஒரு பக்கம். தப்பான நாயை அடித்துவிட்டு நாம் நிம்மதியாகப் படுத்தால், கடித்த நாய் அடுத்த வாரமும் வரும் என்பது இன்னொரு பக்கம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆனால் நட்டம் ஆட்டுக்காரனுக்குத்தான்.

சாட்சி இல்லாத காடு

கொறங்காடு என்பது கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். ஆட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் ஆள் கூடவே நிற்கத் தேவையில்லை. அதுதான் கொறங்காட்டின் வசதி. ஆபத்தும் அதுவே. கிளுவை பட்டுப்போன இடத்தில் நாய் நுழைந்தால் ஆடுகள் ஓடி ஒரு மூலையில் முட்டிக்கொண்டு நிற்கும், தப்பிக்க வழி இருக்காது. பார்க்கவும் ஆள் கிடையாது. அதனால் செத்த ஆட்டையும் மண்ணையும் வைத்துத்தான் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடித்துச் செத்ததா, செத்த பிறகு கடித்ததா?

முதல் கேள்வி இதுதான். துள்ளுமாரி நோயில் நல்ல கொழுத்த ஆடுகூட ராத்திரியோடு ராத்திரியாகச் செத்துப்போகும். வயிறு உப்பிச் சாகும், பாம்பு கடித்துச் சாகும், இளஞ்சோளத் தட்டைத் தின்று நஞ்சேறிச் சாகும். அப்படிச் செத்ததை விடியற்காலையில் நாய் வந்து இழுத்துத் தின்னும். நாம் பார்க்கும்போது நாய் வாயில் ரத்தம் இருக்கும். கீரிப்பிள்ளை கதை நமக்கெல்லாம் தெரியும். வாயில் இருந்த ரத்தத்தைப் பார்த்தவுடன் தீர்ப்புச் சொன்னதுதான் அங்கே நடந்த பிழை.

வித்தியாசம் காண வழி இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது கடிபட்டிருந்தால், கடித்த இடத்தில் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டிக் கன்றிப்போயிருக்கும். தரையிலும் ரத்தம் சிந்தியிருக்கும், ஆடு ஓடிய தடமும் புல் மிதிபட்ட அடையாளமும் தெரியும். செத்த பிறகு தின்றதென்றால் சதை கிழிந்திருந்தாலும் தோலுக்கடியில் கன்றல் இருக்காது. இதைக் கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனையில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

ஒரு எச்சரிக்கை. காயமே இல்லாமல் திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருத்த ரத்தம் கசிந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்த ஆட்டை யாரும் அறுக்கக் கூடாது, தோலும் உரிக்கக் கூடாது. நாயையும் ஆளையும் அண்டவிடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

காயம் சொல்லும் சேதி

நாய்கள் பெரும்பாலும் ஓடுகிற ஆட்டைப் பின்னாலிருந்து பிடிக்கும். பின்தொடை, வால், விலா, காது என்று கண்ட இடத்தில் கடித்துக் குதறியிருக்கும். பல ஆடுகள் காயப்பட்டிருக்கும், தின்றது கொஞ்சமாகத்தான் இருக்கும். ஓட ஓடத் துரத்துகிற வெறியே அதற்குக் காரணம், பசி பிறகுதான்.

நரி சாதாரணமாகக் குட்டிகளைத்தான் குறிவைக்கும். கொன்றால் வயிற்றுப் பக்கம் கிழித்துத் தின்றிருக்கும், சின்னக் குட்டியைத் தூக்கியே போய்விடும். காட்டோரத்தில் இருக்கிறவர்கள் சிறுத்தையையும் நினைக்க வேண்டும். சிறுத்தை கழுத்தையோ தொண்டையையோ கவ்வி ஆழமாகப் பல் பதித்துக் கொல்லும், ஆட்டை மறைவிடத்துக்கு இழுத்துப் போகும். காலடியைப் பாருங்கள். நாய்த் தடத்தில் நகம் பதியும். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்வதால் தடம் வட்டமாக, நகமில்லாமல் இருக்கும். சிறுத்தை என்றால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். நாயென்று எழுதிவிட்டால் அந்த வழி அடைபட்டுப்போகும்.

நாய்தான், ஆனால் எந்த நாய்?

எங்கள் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ஏழு ஆடுகள் செத்தன. காலையில் அந்த வழியாக வந்த ஒரு வளர்ப்பு நாயின் வாயில் ஆட்டு முடி இருந்தது. அன்றைக்கே அதை அடித்துக் கொன்றுவிட்டார்கள். நான்காம் நாள் ராத்திரி அதே காட்டில் மறுபடியும் மூன்று ஆடுகள் போயின. பிறகு வேலி ஓட்டைக்கு நேராகச் சின்னக் கேமரா ஒன்று வைத்தார்கள். கோழிக்கடைக் கழிவு கொட்டுகிற பள்ளத்துப் பக்கமிருந்து ஐந்து நாய்கள் வரிசையாக வந்தது அதில் தெரிந்தது.

வாயிலோ சாணத்திலோ ஆட்டு முடி இருந்தால் அந்த நாய் ஆட்டைத் தின்றது என்று ஆகும். கொன்றது என்று ஆகாது. அந்த ராத்திரி நாய் கட்டிப்போட்டிருந்ததா, தடத்தின் அளவு ஒத்துவருகிறதா, தடம் எந்தப் பக்கம் போகிறது, எத்தனை நாய்த் தடம் என்று சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நாய் வளர்க்கிறவர்களுக்கும் இதே நியாயம்தான். "எங்க நாய் குழந்தை மாதிரிங்க, ஆட்டைத் தொடாதுங்க" என்பது சாட்சியம் ஆகாது. பகலில் வாலாட்டுகிற நாய் ராத்திரியில் கூட்டத்தோடு சேர்ந்தால் வேறு நாய். அவிழ்த்துவிடுகிறவர், அது எங்கே போகிறது என்பதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

விடிந்ததும் செய்ய வேண்டியவை

• காயம்பட்ட ஆட்டை முதலில் கவனியுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, சோப்பும் ஓடுகிற தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சளும் வேப்பிலையும் வெறிநோயைத் தடுக்காது. தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் அன்றைக்கே கேளுங்கள்.
• செத்த ஆட்டை நகர்த்தும் முன் படம் எடுங்கள். காயத்துக்கும் தடத்துக்கும் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுத்தால் அளவு தெரியும். தடத்தின் மேல் கூடையைக் கவிழ்த்து வையுங்கள்.
• வேலியில் எந்த இடத்தில் நுழைந்தது என்று பார்த்து, அங்கே சிக்கிய முடியையும் படம் எடுங்கள்.
• கால்நடை மருத்துவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பிரேதப் பரிசோதனைச் சான்று இருந்தால் இழப்பீடு கேட்கும்போது பேச்சு வராது.
• எல்லாம் முடிந்ததும் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஓடையில் வீசினால் ஆட்டுக்கறி ருசியை நாமே நாய்களுக்குப் பழக்குகிறோம்.

விஷம் தீர்ப்பு ஆகாது

கோபத்தில் சிலர் குருணை மருந்தைக் கறியில் தடவி வைக்கிறார்கள். அது குற்றவாளியைத் தேடிப் போய்க் கொல்லாது. காவல் நாய், பூனை, கீரி, காக்கை என்று வாய் வைத்ததெல்லாம் சாகும். மயில் செத்தால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வரும். நாயை விஷம் வைத்துக் கொல்வது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவிலும் குற்றம். நிலத்தில் நஞ்சு வேண்டாமென்று இத்தனை வருடமாகச் சொல்லிவருகிற நாம் அதைக் கறித்துண்டில் வைத்துக் கொண்டுவரலாமா?

ஊர் கூடிப் பேச வேண்டியது

சாட்சியங்களைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் விரல் ஒரு நாயோடு நிற்காது. கோழிக்கழிவைக் கொட்டுகிற கடைக்காரர், நகரத்திலிருந்து நாயைக் கொண்டுவந்து விட்டுப்போகிறவர், ராத்திரி நாயை அவிழ்த்துவிடுகிற வீட்டுக்காரர், 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி கருத்தடையும் தடுப்பூசியும் செய்ய வேண்டிய உள்ளாட்சி, கிளுவை நடாமல் விட்ட நாம் என்று பலர் பக்கமும் அது நீளும். கிராம சபையில் இதைப் பெயர் சொல்லிப் பேச நம் கையில் படமும் சான்றும் இருக்க வேண்டும். வெறும் கோபத்தோடு போனால் "பார்க்கலாம்" என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான்.

அதுவரைக்கும் ராத்திரியில் ஆட்டை வலை கட்டிய பட்டியில் அடையுங்கள். வேலி ஓட்டையை முள்ளால் அடையுங்கள், பட்டுப்போன இடத்தில் கிளுவைப் போத்து ஊன்றுங்கள். குட்டியிலிருந்தே ஆட்டோடு வளர்ந்த நாய் ஒன்று பட்டியில் இருக்கட்டும். ஆட்டைக் காப்பதிலும் நாய்தான் நமக்குத் துணை. அதனால்தான் எந்த நாய் என்று விசாரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.