காணிக்கையாகும் விலங்குருவங்கள்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் அரச மரத்தடியில் நாகக் கற்கள் நாட்டப்பெற்றிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். சுவர்ணமுகி ஆற்றங்கரையிலுள்ள காளத்தியில் இராகு கேது பூஜை செய்விப்போர், சிறிய வெள்ளி நாக உருவங்களை வைத்து வழிபட்டு, முடிவில் உண்டியலில் இடுகின்றனர். கல் மரத்தடியிலேயே நிற்கிறது; வெள்ளியோ கோயிலுக்கே திரும்பிவிடுகிறது. காணிக்கை அளித்த பின்னர் அதற்கு யாது நேர்கிறது என்பதைப் பொறுத்தே பிற்காலத்தார்க்குச் சான்று எஞ்சும்.

புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் அய்யனாருக்குச் சுடுமண் குதிரைகள் அளிக்கப்படுகின்றன. வேளார் களிமண்ணுடன் மணலும் உமியும் கலந்து, உள்ளீடின்றி அவற்றை வனைவர். சுவர் மிகத் தடித்துவிடின் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் சூளையில் வெடிப்பு உண்டாகும். புரவி எடுப்பு விழாவில் வைத்த குதிரை சிதைந்தால் அதனை எவரும் பழுது பார்ப்பதில்லை. அது மழையில் கரைந்து மண்ணோடு சேர, அருகில் புதியது நிற்கும்.

பண்டை எகிப்தில் நிகழ்ந்தது வேறு. கி.மு. முதலாயிரத்தாண்டின் பிற்பகுதியில் பாஸ்டெட் தேவிக்குப் பூனை, தோத் தேவனுக்கு அரிவாள் மூக்கன், ஹோரஸுக்கு வல்லூறு என மெழுகு வார்ப்பு முறையில் வெண்கல உருவங்கள் செய்து அளித்தனர். கோயிலில் காணிக்கைகள் பெருகியபோது, அவற்றைப் புனித எல்லைக்குள்ளேயே குழி தோண்டிப் புதைத்தனர். இன்று அருங்காட்சியகங்களில் அவை மிகுந்து காணப்படுவதற்கு இவ்வழக்கமே பெரிதும் காரணம்.

சில உருவங்கள் மூடிய சிறு உலோகப் பெட்டிகளின் மேல் அமைந்தவை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள அத்தகைய ஆறு பெட்டிகளை நியூட்ரான் கதிர்களால் ஆராய்ந்த முடிவுகள் 2023இல் வெளியாயின. எக்ஸ் கதிர்களைத் தடுக்கும் ஈயத்தையும் நியூட்ரான்கள் ஊடுருவ வல்லன. மூன்று பெட்டிகளுள் எலும்புகள் தெரிந்தன; அவற்றுள் பல்லியினத்தின் மண்டையோடும் ஒன்று. பெட்டி எதனையும் திறக்க நேரவில்லை.

இத்தகைய பொறுமை முன்னர் இருந்ததில்லை. 1890இல் பெனி ஹசன் அருகே தோண்டியெடுத்த பதப்படுத்திய பூனையுடல்கள் டன் கணக்கில் லிவர்பூலுக்குக் கப்பலேறி, வயலுக்கு எருவாக விற்கப்பட்டன. அவை கிடந்த வரிசை என்ன, உடன் இருந்த பொருள்கள் யாவை என்பன அத்துடன் மறைந்தன.

ஏரிக்கரையிலோ உழுத நிலத்திலோ குதிரைக்கால் துண்டு கிடைப்பின், ஊழியர் அதனை எடுக்குமுன் அது கிடந்த ஆழம், திசை, சூழவுள்ள பொருள்கள் ஆகியவற்றைக் குறித்துப் புகைப்படமும் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். வழிபாட்டிலுள்ளவற்றைத் தொடலாகாது. ஆசிரியர் மாணவர்க்கு உடைந்த விளிம்பைக் காட்டலாம்: நடுவே கரிய பட்டை தென்பட்டால், மண்ணிற் கலந்த உமி முற்றும் எரியவில்லை என்பது பெரும்பாலும் பொருந்தும்.