அணை குறுக்கிடாத ஃபிரேசர் ஆறு

ஆறு என்றதும் அணைக்கட்டும் மதகும்தான் நம் நினைவுக்கு வரும். கனடா நாட்டின் மேற்கே, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஓடும் ஃபிரேசர் ஆற்றின் முதன்மை ஓட்டத்தில் ஓர் அணைகூட இல்லை. ராக்கி மலைத்தொடரில் தோன்றி வடமேற்காக ஓடி, பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் தெற்கே திரும்பி, ஆழ்ந்த மலையிடுக்கைக் கடந்து, ஹோப் என்ற ஊரில் மேற்கே வளைந்து வான்கூவர் அருகே கடலில் கலக்கிறது. நீளம் சுமார் 1,370 கிலோ மீட்டர். கடைசிப் பகுதி வண்டல் சமவெளி. பால் பண்ணைகள் மிகுந்தது.

இவ்வாற்றின் செல்வம் சால்மன் மீன். அதிலும் சாக்கை எனும் இனத்தின் வாழ்க்கை வியப்பானது. கூழாங்கல் படுகையில் பொரிந்த குஞ்சு, பெரும்பாலும் ஓராண்டு ஏரியில் வளர்ந்து கடலுக்குச் செல்கிறது. நான்காம் வயதில் பிறந்த ஓடைக்கே எதிர்நீச்சலிட்டு வருகிறது. ஆற்றில் நுழைந்தபின் இரை எடுப்பதில்லை. உடம்பிலுள்ள கொழுப்பே கட்டுச்சோறு. முட்டையிட்டதும் இறந்துவிடும். எனவே வழியில் ஏற்படும் தாமதம் ஒவ்வொன்றும் முட்டை இழப்பாக முடியும்.

மலையிடுக்கில் பூர்வகுடி மக்கள் பாறைமீது நின்று, நீண்ட கழியில் கட்டிய வலையால் மீனை அள்ளுவர். கீறிய மீனை வெயிலில் காட்டாமல், நிழலில் மலைக்காற்றில் உலர்த்துவது அவர்கள் முறை. கருவாடு போடும் நம்மவர் இதைக் கவனிக்கலாம்.

மலையிடுக்கில் ஹெல்ஸ் கேட் என்னுமிடத்தில் ஆறு ஏறத்தாழ 35 மீட்டராகக் குறுகுகிறது. ரயில் பாதைக்காகப் பாறை வெட்டியபோது கற்கள் ஆற்றில் விழுந்தன. 1914-இல் பெரும் சரிவும் ஏற்பட்டது. நீரின் வேகம் கூடி மீன்கள் ஏற முடியாமல் தவித்தன. மேல் பகுதியில் மீன்வளம் பல்லாண்டுகள் நலிந்தது. 1945–46-இல் கான்கிரீட்டில் மீன்வழிகள் கட்டிய பிறகே நிலைமை சீரடையத் தொடங்கியது.

அணை கட்டும் எண்ணம் எழாமல் இல்லை. மோரன் என்னுமிடத்தில் மின்சாரத்துக்காகத் திட்டமிட்ட பேரணை, சால்மனுக்குக் கேடு என்ற எதிர்ப்பால் 1972-இல் கைவிடப்பட்டது. வெள்ளத்தைத் தேக்க அணை இல்லாததால் சமவெளி உழவர் கரைகளையே நம்பியுள்ளனர். 1948-இல் அக்கரைகள் உடைந்து வயல்கள் மூழ்கின. மீனுக்காக அவர்கள் ஏற்கும் சுமை சிறிதன்று.

மீன்வரத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2009-இல் சாக்கை ஏறத்தாழ 15 இலட்சமே திரும்பியது. மறு ஆண்டில் இரண்டரைக் கோடிக்கும் மேல் வந்தது. ஆகவே வரத்தைக் கணக்கிட்ட பின்னரே வலை வீச அனுமதி தருகின்றனர். 2018-இல் பிக் பார் அருகே மீண்டும் பாறை சரிந்தது. 2019 கோடையில் அது தெரியவந்ததும், மீன்களைப் பிடித்து ஹெலிகாப்டரில் ஏற்றி அடைப்புக்கு மேலே விட்டனர்.