‘ரஜனிகந்தா’ காட்டும் இருமனம்

பாசு சாட்டர்ஜி 1974-ஆம் ஆண்டில் இயக்கிய ‘ரஜனிகந்தா’ என்னும் இந்திப் படம், மன்னூ பண்டாரி எழுதிய ‘யஹீ ஸச் ஹை’ என்னும் சிறுகதையினின்றும் பிறந்தது. ‘இதுவே உண்மை’ என்பது அத்தொடரின் பொருள். ரஜனிகந்தா என்பது நம் நிலச்சம்பங்கி மலரே.

கதைத்தலைவி தீபா, டில்லியில் ஆராய்ச்சி புரியும் மாணவி. அவள் காதலன் சஞ்சய் குறித்த வேளைக்கு வாரான். ஆயினும் நிலச்சம்பங்கியைக் கொணர்ந்து அவளை மகிழ்விப்பான். கல்லூரியாசிரியப் பதவி நாடிப் பம்பாய் செல்லும் அவளுக்கு, முன்னாளிற் பிரிந்த நவீன் உற்ற துணையாகின்றான். அவன் பரிவு பழங்காதலை எழுப்புகின்றது. அவனோ வாய் திறந்திலன். அவள் மீண்டபின் வரும் அவன் கடிதத்திலும் வேலைபற்றிய செய்தியன்றிக் காதற்சொல் யாதுமில்லை. அவ்வமயம் சஞ்சய் மலருடன் வருகின்றான். தீபா அவனையே உண்மையெனத் தெளிகின்றாள்.

இத்தெளிவு நிலைக்குமோ? நாட்குறிப்பு வடிவிலமைந்த மூலக்கதையில், கான்பூரிற் சஞ்சயும் கல்கத்தாவில் நிசீத்தும், அருகிருக்குந்தோறும் அவளுக்கு உண்மையாகின்றனர். அண்மையையே உண்மையெனக் கொள்ளுதல் மனத்தின் இயல்பு. ஆதலின் தீபாவை நிலையற்றவள் எனப் பழித்தல் தகாது. குறை பல உடையனாயினும் சஞ்சய் வந்து நின்றான். குறை காணற்கரிய நவீனோ சொல்லவேண்டியதைச் சொல்லாதொழிந்தான். காலத்திற் சொல்லப்படாத அன்பு, இல்லாத அன்பாகவே முடியும் என்பது இளைஞர் உளங்கொள்ளற்பாலது.